ஒரே பெயர்க்காரர் வரிசை

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அடக்கம் காரணமல்ல. எழுதினால் மதுரையில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், தங்களைத்தான் எழுதிவிட்டேன் என்று வீடு தேடி வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பெயர். மாசி வீதி முனையில் நின்று ஒரு தரம் உரக்கக் கூப்பிட்டால் வண்டி ஓட்டுகிறவரும் திரும்புவார், வண்டியில் போகிறவரும் திரும்புவார், வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறவரும் திரும்புவார். பெரிய கோயிலில் இருக்கிற சாமியின் பெயர். ஆண்பிள்ளை பிறந்ததும் வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்ட தகப்பன்மார் எல்லாரும் வைத்த பெயர். என் தகப்பனாரும் அந்தச் சோம்பேறிகளில் ஒருவர்.

நான் அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்துக்கு, அதாவது இன்றைய எட்டாம் வகுப்புக்கு, சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சரித்திர வாத்தியாருக்குப் பொழுது நிறைய இருக்கும். பழைய புத்தகம், கோயில் சுவர், கிழவர்கள் பேச்சு, எது கிடைத்தாலும் அதில் எங்கள் பெயர் வருகிறதா என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நிறையப் பேர் கிடைத்தார்கள். ஒருவர் குறுநில ராஜா. யுத்தத்துக்குப் புறப்பட்டவர், பாதி வழியில் வயிற்றுவலி என்று திரும்பிவிட்டார். அவரைப் பற்றி ஒரு கல்வெட்டு இருக்கிறது. செதுக்கி வைத்தவர் எதிரி. இன்னொருவர் அரண்மனைப் புலவர். விருந்தைப் பற்றி மட்டும் பாடினார், அதுவும் சாப்பிட்ட பிறகுதான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கொள்ளைக்காரர் இருந்தார். அவரைப் பிடித்துத் தூக்குத் தண்டனை கொடுத்த நீதிபதிக்கும் எங்கள் பெயர்தான். தீர்ப்பு வாசித்தபோது தூக்கு யாருக்கு என்று கோர்ட்டில் ஒரு நிமிஷம் குழப்பமாம். கீழக்குயில்குடி மலையில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகளுக்கு மேலே எழுத்து வெட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பார்த்தேன். ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆகவே எங்கள் பெயர் அங்கே இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

இவர்களையெல்லாம் கோத்து, எங்கள் தெரு வாசகசாலை ஆண்டுவிழாவில் ஒரு பிரசங்கம் செய்தேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிக்கும்போது, "ஆயிரம் வருஷமாக இந்தப் பெயரில் உருப்படியான ஆள் ஒருத்தர் வரவில்லை. இப்போது உங்கள் முன்னால் நிற்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்" என்றேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதற்கு அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதம் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊரெல்லாம் கூட்டம் நடந்தது. யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு சாயங்காலம் வைகை மணலில் ஓர் இளைஞர் பேசினார். நானும் போயிருந்தேன். போயிருந்தேன் என்றால் கூட்டத்தின் கடைசி விளிம்பில், யாராவது கேட்டால் ஆற்றைக் கடந்துபோகிறேன் என்று சொல்லும் தூரத்தில் நின்றேன். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. வெண்கல அண்டாவில் கரண்டியால் தட்டியதுபோல ஒரு குரல். ஒலிபெருக்கி இல்லாமலே எதிர்க்கரை வரை போயிற்று. கூட்டம் கலைந்தபோதுதான் பக்கத்தில் இருந்தவர் பேசினவரின் பெயரைச் சொன்னார். எங்கள் பெயர்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்போடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் இட்லிக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, "நேத்து ஆத்துல பேசுனது யாருன்னு நெனைச்சீக? நாந்தான். தொண்டை கட்டிக்கிச்சு, சுக்குக்காப்பி குடுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே உசிலம்பட்டிப் போகும் வழியில் தந்திக் கம்பிகளை யாரோ அறுத்துப்போட்டார்கள். ஆற்றில் பேசியவர் தலைமறைவாகிவிட்டார். பிடித்தால் கசையடியும் கடுங்காவலும் நிச்சயம் என்று பேச்சு. போலீஸ் கையில் இருந்தது அவர் பெயரும், நடுத்தர உயரம், மாநிறம் என்ற அடையாளமும்தான். மதுரையில் இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடுவது, தெப்பக்குளத்தில் குறிப்பிட்ட ஒரு குடம் தண்ணீரைத் தேடுகிற வேலை.

அவர்களும் சளைக்கவில்லை. கான்ஸ்டபிள்கள் காலையில் தெருத்தெருவாக நடந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யார் திரும்பிப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்கு வந்த கான்ஸ்டபிளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. இட்லிக்கடையில் நான் அடித்த தமாஷ் யார் மூலமோ போய்ச் சேர்ந்திருந்தது. நான் தலையில் சீயக்காயோடு கொல்லையில் நின்றபோது வாசலில் பேச்சுக் கேட்டது.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

"அவுக குளிக்கிறாக."

"அவுக பேரு என்ன? வாயைத் தொறந்து சொல்லும்மா."

என் மனைவி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்தான் சொன்னாள். ஆனால் மற்றப் பெண்களுக்குப் புருஷன் பெயர் மட்டும்தான் தடை. இவளுக்குக் கோயில் சாமி, ராஜா, கொள்ளைக்காரர், நீதிபதி அத்தனை பேர் பெயரும் தடை. அவள் கையை நீட்டிக் கோபுரத்தைக் காட்டினாள்.

"கோபுரமா உங்க வீட்டுக்காரர் பேரு?"

"அதுக்குக் கீழ இருக்காகள்ல, அவுக பேரு."

"கீழ செருப்பு விடுற இடமுல்ல இருக்கு?"

நான் ஈரத்தலையோடு ஓடி வந்து, "நாந்தாங்க, நாந்தாங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்த பிறகுதான் எதற்கு அவ்வளவு அவசரமாக ஒப்புக்கொண்டேன் என்று தோன்றியது.

சட்டை, தலைப்பாகை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டேன். பூட்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்குத் திரும்பிய ஒரு துரை பள்ளிக்கூடத்தில் விட்டுச்சென்ற பூட்ஸ் அது. என் காலைவிட ஓரளவு பெரிது. நடந்தால் சத்தம் போடும். நான் வருவது தெரு முனையிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். மரியாதை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

வழி நெடுக ஒரே நினைப்புதான். பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் மானியம் உண்டு. ஸ்டேஷன் வாசலை மிதித்த வாத்தியாரைப் பாதிரியார் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார், வேலையில் வைத்துக்கொள்ளமாட்டார்.

ஸ்டேஷனின் பின்முற்றத்தில், புங்கமர நிழலில், எங்கள் பெயர்க்காரர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். ஒரு முனையில் ஒற்றை மாட்டு வண்டிக்காரர். அடுத்து இட்லிக்கடைக்காரர். அவர் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். என்னைப் பார்த்ததும் இட்லிக்கடைக்காரர், "வாங்க வாத்தியாரே, தொண்டை எப்படி இருக்கு?" என்றார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன்.

எனக்கு மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சிவப்புச் சாயம். ஆற்றங்கரைச் சாயப்பட்டறையில் நூலை அலசிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வந்திருந்தார்கள். அவரை நான் பார்த்ததில்லை; பட்டறைக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். அவருக்கு அப்பால் எங்கள் தெரு நகைப்பத்தர், வெள்ளை வேட்டி மண்ணில் படாமல் துண்டை விரித்து அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்கும் அப்பால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

சப்-இன்ஸ்பெக்டர் வடக்கே வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வாலிபம், கூர்மையான மூக்கு, குறைந்த பேச்சு. வரிசைக்கு முன் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஐயா" என்றோம். அவருக்குப் பின்னால் நின்ற ஹெட் கான்ஸ்டபிளும் பழக்கதோஷத்தில் "ஐயா" என்றார். ஏட்டையாவும் எங்கள் பெயர்க்காரர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் காலை மாற்றிப் போட்டபோது பூட்ஸ் சாயக்காரர் காலில் இடித்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வெண்கல அண்டாவை மெதுவாகத் தட்டினாலும் அது வெண்கல அண்டாதான்.

ஆற்று மணலில் கேட்ட அதே குரல். நான் அவரைப் பார்த்தேன். நான் கண்டுகொண்டதை அவர் கண்டுகொண்டார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்க்க ஆரம்பித்தோம். பாவம், தலைமறைவாக இருப்பவர் பேரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாம், ஊரை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாமல் இருக்குமா? பிறந்ததிலிருந்து திரும்பிப் பழகிய கழுத்து.

"திருச்சியிலிருந்து ரயிலில் சுருக்கெழுத்துக்காரர் வந்துகொண்டிருக்கிறார். ஆற்று மணலில் அந்த ஆள் பேசினதை முன்வரிசையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதினவர். முகம் பார்க்கவில்லை. நீங்க ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்தே ஆளைச் சொல்லிடுவார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சாயக்காரர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ரயில் வாரதுக்குள்ள சம்பந்தமில்லாதவுகள அனுப்பிரலாம்யா" என்றார் ஏட்டையா. "அம்புட்டுப் பேரையும் வச்சிருந்தா ஊரே வாசல்ல வந்து நிக்கும்."

"யார் சம்பந்தமில்லாதவர் என்று எப்படிய்யா தெரியும்? எல்லாருக்கும் ஒரே பெயர், எல்லாரும் மாநிறம்."

"பேரை வச்சு இங்க யாரையும் தெரியாதுங்க. பட்டப்பேரச் சொன்னாத்தான் தெரியும்."

ஏட்டையா சாதாரணமாகத்தான் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றுவிட்டார். கெட்டிக்காரருக்கு யோசனை வந்தால் முகத்தில் தெரியும். தெரிந்தது.

எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு ஒரே பெயர் இருந்தும் கடன் கேட்கிறவன் சரியான ஆளிடம் போய்க் கேட்கிறான் என்றால் அதற்குக் காரணம் பட்டப்பெயர். ஒவ்வொருவனுக்கும் தெரு ஒன்று வைத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு: பட்டப்பெயரை உரியவர் காதுபடச் சொல்லக்கூடாது. பலருக்குத் தங்கள் பட்டப்பெயர் சாகும்வரை தெரியாது. தெரிந்தவர்களும் தெரியாதவர்கள்போல் இருப்பார்கள். என்னுடையது 'சரித்திரம்' என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வெளியூரிலிருந்து வந்து ஒளிந்திருக்கிறவனுக்குப் பட்டப்பெயர் இருக்காது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், தமக்குத்தாமே சொல்வதுபோல. "இந்த முனையிலிருந்து வாங்க. அவரவர் பக்கத்தில் இருப்பவரின் பட்டப்பெயரைச் சொல்லணும். சொல்லப்பட்டவர் போகலாம். பட்டப்பெயர் இல்லாதவர் சுருக்கெழுத்துக்காரர் வரும்வரை இருக்கணும்."

வரிசை முழுக்கத் தலை குனிந்தது. கசையடி என்றால்கூட ஒருவர் முதலில் எழுந்திருப்பார். இது அதைவிட மோசம்.

"ம், சொல்லுய்யா."

வண்டிக்காரர் இட்லிக்கடைக்காரரைப் பார்த்து, "கோவிச்சுக்கிறாத மாப்ள" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சட்டினித்தண்ணிங்கய்யா" என்றார்.

இட்லிக்கடைக்காரர் முகம் கறுத்தது. "யாரு வச்சது? எஞ் சட்டினியா தண்ணி?" என்று வண்டிக்காரர் மேல் பாய்ந்தார். கான்ஸ்டபிள் பிடித்து உட்காரவைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். இது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"அடுத்தவர்?"

இட்லிக்கடைக்காரருக்கு யார்மேலாவது ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். "வாத்தியாரா? கிரீச்சுங்க" என்றார்.

"எது?"

"கிரீச்சு. பூட்ஸ் சத்தம். தெருமுனையிலயே கேக்கும். கிரீச்சு வருது, பேச்ச நிப்பாட்டுங்கடா, ராசா கதைய ஆரம்பிச்சிரும்னு சொல்லுவோம்."

எனக்கு ஒரு நொடி போலீஸ் மறந்துபோயிற்று, சுருக்கெழுத்துக்காரர் மறந்துபோயிற்று. இத்தனை வருஷ மரியாதையும் காலடியில் கிடந்தது. "சரித்திரம்னு இல்லையா?" என்று கேட்டேன். "அது யாருங்க?" என்றார் இட்லிக்கடைக்காரர்.

"நீங்க போகலாம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம். "போறதுக்கு முன்னே உங்க பக்கத்தில் இருப்பவர் பட்டப்பெயரைச் சொல்லுங்க."

சாயக்காரர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்திருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பயந்து, தெரியாது என்று சொல்லியிருப்பேன். தெரியாது என்று சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம், மத்தியானம் மூன்றாம் பாரத்துக்குப் பாடம் நடத்தலாம். பொய் சொல்லி அகப்பட்டால் ஒளித்துவைத்த குற்றம், வேலை போய்விடும், அதற்குப் பிறகு உள்ளே அவருக்குப் பக்கத்தில்தான் இடம். இதையெல்லாம் யோசித்துத் தைரியமாக முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். என் வாய் என்னைக் கேட்டுப் பேசுகிற வழக்கமில்லை. வயிற்றுவலி ராஜா, சாப்பாட்டுப் புலவர், கொள்ளைக்காரர் என்று ஆயிரம் வருஷம் தேடினவனுக்கு இப்போதுதான் உருப்படியாக ஒருவர் கிடைத்திருக்கிறார், அவரையும் இழக்கவேண்டுமா என்ற ஓர் அற்ப எரிச்சல் மட்டும் நினைவிருக்கிறது.

"இவனா? வாய்ப்பூட்டுங்க" என்றேன்.

"காரணம்?"

"பேசமாட்டான்யா. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை வந்தா அதிகம்."

சப்-இன்ஸ்பெக்டர் இட்லிக்கடைக்காரரைப் பார்த்தார். அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. ஒருவர் சொன்னால் போதுமா? மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? இட்லிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், சாயக்காரரைப் பார்த்தார். சட்டினித்தண்ணியின் கோபம் முகத்தில் இன்னும் இருந்தது.

"ஆமாங்கய்யா, வாய்ப்பூட்டு" என்றார். "நம்ம கடைக்குத்தான் வரும். சட்டினி வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டும். அது ஒண்ணுதான் எஞ் சட்டினியப் பத்திக் கொறை சொல்லாத ஆளு."

"கலியாணம் ஆயும் அப்படித்தான்யா" என்று வண்டிக்காரர் உற்சாகமாகக் கிளம்பினார். "அவன் பொண்டாட்டி மட்டும் தனியா நின்னு சண்ட போடும். தெருவே கேக்கும்."

"அவனுக்கு எங்கிட்டு பொண்டாட்டி?" என்றார் இட்லிக்கடைக்காரர் அதே உற்சாகத்தில். "தனியாளு, அதனாலதான் எங்கடையில சாப்பிடுறான்."

சப்-இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "மனைவி உண்டா, இல்லையா?"

நான் குறுக்கே விழுந்தேன். "இருந்தாய்யா" என்றேன். "பேசாத ஆளோட எம்புட்டு நாளு குடும்பம் நடத்துறதுன்னு பெறந்த வீட்டுக்குப் போயிட்டா. அவரு சொல்றது போறதுக்கு முந்தி, இவரு சொல்றது போனதுக்குப் பிந்தி."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கை காட்ட, சாயக்காரர் முன்னால் வந்து குனிந்து நின்றார்.

"நல்லது. நீ பேசவேண்டாம். ஒரே ஒரு வார்த்தை போதும். உன் பக்கத்தில் இருக்காரே பெரியவர், அவர் பட்டப்பெயர் என்ன? அவரோட தெருதானே நீ? சொல்லிட்டுப் போய்க்கிட்டே இரு."

வகையாக மாட்டிக்கொண்டோம். நான் போட்ட பூட்டுக்கு அவர் சாவி கொண்டுவந்துவிட்டார். பத்தரின் பட்டப்பெயர் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை யாரும் மூச்சுவிடமாட்டோம். அவருடைய மச்சினர் ஒரு தடவை கோபத்தில் அதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக் கலியாணத்துக்கும் பத்தர் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை. எங்கிருந்தோ வந்த சாயக்காரருக்கு அது எப்படித் தெரியும்? வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் தப்பு. திறக்காவிட்டால் ரயில் வந்துவிடும்.

தூரத்தில் ரயில் கூவிய சத்தம் கேட்டதாக எனக்குத் தோன்றியது. ஏட்டையா தம் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"சொல்லு."

சாயக்காரர் வாயைத் திறந்தார்.

"அவன் எப்படிங்க சொல்லுவான்" என்று ஒரு குரல் வந்தது.

பத்தர் எழுந்து நின்றிருந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எம் பேரை எம் முன்னால சொல்ற தைரியம் இந்தத் தெருவுல எவனுக்கும் கெடையாது. பேசுறவனே சொல்லமாட்டான், பேசாதவன் சொல்லுவானா? நானே சொல்றேன். என்னயப் பித்தளைன்னு சொல்லுவாக."

தங்கவேலை செய்கிறவரைப் பித்தளை என்று சொல்வதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை. எந்தக் காலத்திலோ ஒரு தோட்டில் ஒட்டவைக்கிற பற்றுப் பொடி கூடித் தங்கம் குறைந்துபோயிற்று என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. அதற்காக மச்சினரை ஒதுக்கியவர், அதே வார்த்தையைக் கான்ஸ்டபிள்கள் முன்னால், தெருக்காரர்கள் முன்னால், தம் வாயாலேயே சொன்னார். காது சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

"இந்தப் பையன் எங்க தெருதான். போதுமாங்க?" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் அந்தச் சிவந்த காதைப் பார்த்தார். ஒரு மனிதர் தம் மானத்தை எடுத்து வெளியே வைக்கும்போது அதைப் பொய் என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. ஆனாலும் கெட்டிக்காரர் அல்லவா. "ஏட்டு, நீரும் இந்தப் பக்கத்து ஆள்தானே. இவன் வாய்ப்பூட்டு என்பது சரியா?" என்றார்.

ஏட்டையாவுக்கு எங்கள் தெருவில் ஒவ்வொரு நாய்க்குட்டியையும் தெரியும். சாயக்காரர் எங்கள் தெரு இல்லை என்பது நிச்சயமாகத் தெரியும். அவர் பெல்ட்டை மறுபடி சரிசெய்தார்.

"அதென்ன, உமக்கும் பட்டப்பெயர் உண்டா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் விளையாட்டாகக் கேட்டார்.

இட்லிக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஏட்டையாவின் பட்டப்பெயர் 'சும்மாத்தோசை'. அதை வைத்தவர் இட்லிக்கடைக்காரரேதான், தினமும் காலையில் காசு வாங்காமல் இலை போட்ட அனுபவத்தில்.

"சரிதாங்கய்யா. வாய்ப்பூட்டுதான்" என்றார் ஏட்டையா. "நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். டேய் வாய்ப்பூட்டு, எந்திரிச்சுப் போடா. நீ போய்த்தான் பட்டறையே நடக்கணும்."

கனைப்புக்குப் பயந்து சொன்னாரா, பத்தரைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. இட்லிக்கடைக்காரர் மட்டும் அதன்பிறகு ஏட்டையாவின் தோசைக்கு முகம் சுளித்ததில்லை.

மிச்ச வரிசை உள்ளே தொடர, பத்தருக்குப் பின்னால் நானும் சாயக்காரரும் வாசலைத் தாண்டும்போது ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் தோல்பையை அணைத்துக்கொண்டு இறங்கினார். வழி குறுகலாக இருந்தது. "யாருப்பா அது, கொஞ்சம் வழி விடு. உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் இருக்காரா?" என்று சாயக்காரரைப் பார்த்தே கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "இருக்காருங்க, உள்ளதான் இருக்காரு, புங்கமரத்துக்குக் கீழ, நல்ல மனுஷன், வெயில்ல வந்திருக்கீக, தண்ணி குடிக்கிறீகளா" என்று மூச்சுவிடாமல் பேசினேன். சாயக்காரர் குனிந்து ஒதுங்கினார். சுருக்கெழுத்துக்காரர் என் வாயைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று தெரியும். என் பூட்ஸ் ஒவ்வோர் அடிக்கும் கிரீச்சிட்டது. அன்றுதான் அந்தச் சத்தத்தை நானே முதன்முதலாகக் கேட்டேன். பத்தர் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். சாயக்காரர் வேகமாக நடந்து அவர் பக்கம் போனார். கும்பிட்டார். பத்தர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

சந்து திரும்பியதும் சாயக்காரர் என்னிடம் வந்தார். "ஏண்ணே, வேற நல்ல பேரே கெடைக்கலையா?" என்றார். அந்தக் குரல் சந்துச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது.

"மெதுவாப் பேசுங்க சாமி!" என்றேன். "அவசரத்துல அம்புட்டுத்தான் வந்துச்சு."

"வாரேண்ணே" என்று சிரித்துவிட்டு வண்டியூர்ப் பக்கமாகப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கே இருந்தார், எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம்வரை வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருவில் ஒரு மாறுதல் நடந்தது. பத்தரைப் பித்தளை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அந்த வார்த்தை வாயில் வராமல் போய்விட்டது. இதனால் எங்களுக்குக் கஷ்டம்தான். ஒரே பெயர்க்காரர்கள் இத்தனை பேர் இருக்கும்போது அவரை எப்படிக் குறிப்பிடுவது? 'பத்தரையா' என்று மட்டும் சொல்லப் பழகினோம். என் பட்டப்பெயருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இனிமேல் எனக்குத் தெரியும் என்றாகிவிட்டதால், நேரிலேயே கிரீச்சு அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் எங்கள் பள்ளிக்கூட விழாவுக்கு அந்தச் சாயக்காரர் தலைமை தாங்க வந்தார். அப்போது அவர் பெரிய மனிதர். சுவரெல்லாம் எங்கள் பெயர் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. பாதிரியார் மாலை போட்டார். நான் முன்வரிசையில் மடிப்புக் கலையாத வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். என் பெயருக்கு ஒருவழியாக உருப்படியான ஆள் வந்துவிட்டார் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

அவர் பேச ஆரம்பித்தார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். வெயில் தாழ்ந்தது, விளக்கு ஏற்றினார்கள், கைக்குழந்தைகள் தூங்கி எழுந்து மறுபடி தூங்கின. அவருக்கு நான் வைத்த பட்டப்பெயரை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து இட்லிக்கடைக்காரரின் குரல் கேட்டது. "வாய்ப்பூட்டு! போதும்ப்பா, மாவு புளிச்சிரும்!"

கூட்டம் திகைத்தது. பாதிரியார் வெளுத்துவிட்டார். மேடையில் இருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். குரல் வந்த பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு வாயை மூடி, உதட்டில் சாவியைத் திருகுவதுபோல விரலால் திருகிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் நாலைந்து பேர் மட்டும் சிரித்தோம். பத்தரையா சிரிக்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். ஜில்லா முழுவதும் கத்திக் கூப்பிடுகிற அவருடைய பெயரை என் மனைவி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அது என் பெயரும் ஆயிற்றே. ஆனால் அவளுக்குச் சிரமம் ஒன்றுமில்லை. ரசத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வாய்ப்பூட்டுத் தம்பி எலையில சோறு இல்ல பாருங்க. பேசிப் பேசிக் களைச்சுப் போயிருக்காரு. நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு அவர சாப்பிட விடுங்க."